மதுரை வெயிலில் 10 பெட் சிப்பிக் காளான்: வைக்கோல், வித்து, கவர் எல்லாம் மலிவாக எங்கே வாங்குவது?

மாடியறை_மதுரை கேட்டது:

வணக்கம். மாடியில் 8×10 அடி அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல், தரை சிமென்ட். ஐப்பசியில் தொடங்கி வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போதுமான அளவு சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்று இருக்கிறேன். ஒரு தடவைக்கு 10 பெட் (வைக்கோலும் வித்தும் அடைத்த பை), அவ்வளவுதான் இடம்.

இணையத்தில் பார்த்தால் ஒரே ஒரு பெட் போடுகிற கிட்டுக்கு 300, 400 ரூபாய் கேட்கிறார்கள். அதில் வருவதோ அரைக் கிலோ, முக்கால் கிலோ காளான். அந்தக் கணக்கில் கடைக் காளானே மேல். பொருளைத் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகும் என்றுதான் தோன்றுகிறது.

வைக்கோல் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? 10 பெட்டுக்கு வித்து (காளான் பூஞ்சை வளர்த்த தானியம்) எவ்வளவு? கவர் எந்த கேஜ் (கனம்)? வைக்கோலை ஃபார்மலினும் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லிச் சில காணொளிகள் இருக்கின்றன. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் அதில் எனக்கு விருப்பம் இல்லை. வெந்நீரில் போட்டால் கேஸ் செலவு எவ்வளவு ஆகும்? ஹியூமிடிஃபையர் கட்டாயம் வேண்டுமா? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


வைகைக்கரை எழுதியது:

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். 30×60 செ.மீ கவரில் ஒரு பெட்டுக்கு அரைக் கிலோ காய்ந்த வைக்கோல் என்று வையுங்கள். நன்றாக அமுக்கினால் முக்கால் கிலோ வரை பிடிக்கும். 10 பெட்டுக்கு 5 கிலோ வைக்கோல். வித்து ஒரு பெட்டுக்கு 150 கிராம், அதாவது 300 கிராம் பாக்கெட் ஒன்று இரண்டு பெட்டுக்கு. ஆக 5 பாக்கெட். கவர் 10. பணம் போகிற இடம் இதில் வித்து ஒன்றுதான், மற்றதெல்லாம் சில்லறை. அந்த வித்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பாதியாகக் குறைத்தால் வெள்ளை ஓடி முடிய, அதாவது காளானின் வெள்ளை இழை வைக்கோல் முழுக்கப் பரவ, ஒரு வாரம் கூடுதலாகும். பச்சைப் பூசணம் உள்ளே புகுவது அந்த வாரத்தில்தான்.

வைக்கோலுக்குக் கடை தேட வேண்டாம். சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். இயந்திரம் சுற்றிய உருளைக் கட்டு ஒன்று பொதுவாக 15 முதல் 25 கிலோ இருக்கும். உங்களுக்கு ஒரு கட்டு மூன்று, நான்கு சுற்றுக்குக் காணும். எடை போட்டு வாங்குங்கள், கட்டுக் கணக்கில் வாங்கினால் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த மாதத்து வைக்கோல் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். தை, மாசியில் அறுத்த வைக்கோல் வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கும். புரட்டாசி, ஐப்பசி அறுப்பு மழையில் மாட்டும். மேலே மஞ்சளாகத் தெரிந்தாலும் உருளைக்குள் கையை விட்டால் சூடும் புழுக்க வாடையும் இருக்கும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். நல்ல வைக்கோல் பொன் நிறத்தில் இருக்கும், கசக்கினால் சரசரக்கும், தூசியாக உதிராது, கரும்புள்ளி இருக்காது. இப்போது வாங்குவதானால் போன தை அறுப்பை மேடையிலோ கூரைக்குக் கீழோ போர் போட்டு வைத்திருப்பவரைத் தேடுங்கள். மழை படாமல் இருந்தால் எட்டு மாத வைக்கோல் தாராளமாக ஆகும்.

பலரும் கேட்காமல் விடுவது ஒன்று உண்டு. கதிர் வந்த பிறகு குலைநோய்க்கு மருந்து அடித்த வயலா என்று விசாரியுங்கள். பூஞ்சையைக் கொல்லும் மருந்து வைக்கோலில் மிச்சம் இருந்தால் நம் காளானும் பூஞ்சைதானே, தயங்கித் தயங்கித்தான் ஓடும். சந்தேகம் இருந்தால் கட்டு முழுவதையும் வாங்கும் முன் ஒரு கைப்பிடி வைக்கோலை அவித்து, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கரண்டி வித்தோடு போட்டுப் பாருங்கள். நாலைந்து நாளில் வித்தைச் சுற்றி வெள்ளை இழை வைக்கோலில் ஏறியிருக்க வேண்டும்.

இயந்திர அறுவடை வைக்கோல் நசுங்கியிருக்கும், சீக்கிரம் ஊறும், அதே வேகத்தில் அளவுக்கு மீறித் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். கையால் அடித்த தாள் முழுசாக, உள்ளே குழலாக இருக்கும், காற்றோட்டம் நன்றாக இருக்கும். கிடைத்தால் அதுவே மேல். எதுவானாலும் 3 முதல் 5 செ.மீ துண்டுகளாக வெட்டி, ஒட்டியிருக்கும் நெல்மணிகளை உதறிவிடுங்கள். நெல் மிஞ்சினால் எலி வரும், பூசணமும் முதலில் அதில்தான் பிடிக்கும்.

வித்துக்கு கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்கள் சிலவற்றிலும் கிடைக்கும். நேரில் போவதற்கு முன் தொலைபேசியில் இருப்பு கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் வித்தும் தரமாகக் கிடைக்கிறது. யாரிடம் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, வித்து ஏற்றிய தேதி. 15 முதல் 25 நாள் வயதுள்ள வித்து நல்ல வேகத்தில் ஓடும். தேதி சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ரகம்: சமவெளிக்கு எம்.டி.யு 1, பி.எஃப் (புளோரிடா சிப்பி) இரண்டும் பழகியவை. ஊட்டி 1 மலைக் குளிருக்கானது, மதுரைக்கு வேண்டாம்.


இட்லிப்பானை எழுதியது:

கேஸ் கணக்கை நான் சொல்கிறேன். 5 கிலோ வைக்கோல் முழுக முழுக வெந்நீர் என்றால் ஏறக்குறைய 60 லிட்டர் வேண்டும். அதை 28 டிகிரியில் இருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக, வீட்டு அடுப்பில் அரைக் கிலோ கேஸ் ஆகிவிடும். 14.2 கிலோ சிலிண்டரில் முப்பதில் ஒரு பங்கு. தாங்க முடியாத செலவு இல்லை. ஆனால் வீணான செலவு, ஏனென்றால் சூடாக வேண்டியது வைக்கோல்தானே தவிர, அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர் அல்ல.

அதனால் முக்கிக் காய்ச்சாமல் ஆவியில் அவியுங்கள். வெட்டிய வைக்கோலைப் பச்சைத் தண்ணீரில் 4 முதல் 6 மணி நேரம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீர் தேநீர் நிறமாக மாறும். பூசணம் விரும்பும் சர்க்கரைச் சத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும், எனவே அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு வைக்கோலைச் சணல் சாக்கிலோ பழைய பருத்தித் துணிப் பையிலோ கட்டி, நீர் சொட்டுவது நிற்கும்வரை தொங்கவிடுங்கள். பெரிய அண்டாவில் 3 லிட்டர் தண்ணீர், மேலே மூன்று செங்கல், அதன்மேல் சல்லடைத் தட்டு. பையை அதில் வைத்து மூடி, விளிம்பைச் சுற்றி ஈரத் துணியால் அடைத்துவிடுங்கள். நம் இட்லிப் பானைதான், அளவில் பெரியது. இதற்குப் பிடிக்கும் கேஸ் முக்கிக் காய்ச்சுவதைவிடக் குறைவு.

தவறு நடப்பது நேரம் பார்ப்பதில். ஆவி வெளியே வந்ததுமே மணியைப் பார்க்கக் கூடாது. பையின் நடுவில் நீளமான சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். நடுப்பகுதி 80 டிகிரி தொட்ட பிறகு 45 நிமிடம். பெரிய பையானால் வெளிப்புறம் வெந்து நடு வேகாமல் இருக்கும். 5 கிலோவை இரண்டு ஈடாகப் பிரித்துக்கொண்டால் நல்லது.

இப்போது சுண்ணாம்பு முறை, இதற்கு அடுப்பே தேவையில்லை. நீர்த்த சுண்ணாம்பு லிட்டருக்கு 5 கிராம், 60 லிட்டருக்கு 300 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் உண்மையில் கரையக்கூடியது 2 கிராமுக்கும் குறைவு. மிச்சம் அடியில் தங்கி, வைக்கோல் காரத்தைத் தின்னத் தின்ன மறுபடி கரைந்து ஈடுகட்டும், அதற்காகத்தான் கூடுதல். பி.எச் 12-க்கு மேல் நிற்க வேண்டும். வைக்கோலை ஒரு பாறாங்கல் வைத்து முழுக அமுக்கி 12 முதல் 18 மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் வைக்கோல் கொழகொழப்பாகும். எடுத்து ஓர் இரவு தொங்கவிட்டு வடித்தால் நேராக பெட் போடலாம். மிச்சக் காரம் சிப்பிக் காளானைத் தடுக்காது, பச்சைப் பூசணத்துக்குத்தான் ஆகாது.

எந்தச் சுண்ணாம்பு என்பதில் கவனம் வேண்டும். வயலுக்குப் போடும் சுண்ணாம்புத் தூளும் டோலமைட்டும் இதற்கு உதவாது, அவை கார்பனேட், தண்ணீரின் காரத்தை அவ்வளவு உயர்த்தாது. வெள்ளையடிக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு மிக நல்லது. சில பாறைச் சுண்ணாம்புகளில் மக்னீசியம் அதிகம், கிளிஞ்சலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் திறந்து கிடந்த பழைய சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கார்பனேட்டாக மாறியிருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் வலு போய்விட்டது, வேறு வாங்குங்கள். நுரைக்காமல் கரைந்தால் சரியான சரக்கு.

சுட்ட, இன்னும் நீர்க்காத கற்சுண்ணாம்பை வாங்கி வீட்டில் நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நீர்த்த சுண்ணாம்பைக் கையாளும்போதும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. வடித்த நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஃபார்மலின் வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரி. மூடிய வீட்டுக்குள் அந்த ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட. ஆவியும் சுண்ணாம்பும் கைவசம் இருக்கும்போது உண்ணும் பொருள் விளையும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. அறையைக் கழுவ ப்ளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதோடு கழிவறை ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள்.

ஈரப்பதத்துக்கு எல்லோரும் சொல்வது கைப்பிடிச் சோதனை: பிழிந்தால் சொட்டக் கூடாது, கை மட்டும் நனைய வேண்டும். அதைவிடத் தராசு நம்பகமானது. 1 கிலோ காய்ந்த வைக்கோல், பெட் போடும் நேரத்தில் 2.8 கிலோ இருந்தால் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குப் பக்கம், அதுதான் வேண்டும். 3.3 கிலோவைத் தாண்டினால் இன்னும் வடியட்டும்.


மாடியறை_மதுரை:

இருவருக்கும் நன்றி. ஆவி முறையே எனக்குச் சரிப்படும். இரண்டு சந்தேகம். ஒன்று, பிளாஸ்டிக் கவரைக் குறைத்து, திரும்பப் பயன்படுகிற மாதிரி ஏதாவது செய்யலாமா? இரண்டு, வித்துதான் பெரிய செலவு என்றால், ஒரு பாக்கெட் வாங்கி வீட்டில் பெருக்கிக்கொள்ள முடியாதா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை பற்றியும் சொல்லுங்கள், மதியம் அறை கொதிக்கிறது.


பூசணவலை எழுதியது:

கூரையில் இருந்து தொடங்குகிறேன். பெட் போட்ட முதல் 15 முதல் 20 நாள் வித்து ஓடும் பருவம். அதற்கு வெளிச்சமும் வேண்டாம், அறை ஈரமும் வேண்டாம். 25 முதல் 30 டிகிரியில் இருந்தால் போதும். எனவே அந்த நாட்களில் பெட்டுகள் மாடிக்குப் போகவே வேண்டாம். கீழ்வீட்டில் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குக் கீழ்த்தட்டிலோ இருக்கட்டும். வித்து ஓடும்போது பெட்டே சூட்டைக் கிளப்பும், உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். ஆகவே ஒன்றோடொன்று ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் அறையில் மதியம் 38 டிகிரியில் வைத்தால் பெட்டின் நடுவில் வித்து செத்துப்போகும், வெளிப்பார்வைக்கு வெள்ளையாகவே தெரியும்.

முழுவதும் வெள்ளையான பிறகுதான் மாடி. கூரைக்குக் கீழே தென்னங்கீற்று ஒரு வரிசை கட்டி, தரையில் மூன்று அங்குலம் ஆற்று மணல் பரப்பி, சுவரில் நனைத்த சணல் சாக்கு தொங்கவிடுங்கள். காலை, மதியம், மாலை மணலுக்கும் சாக்குக்கும் தண்ணீர் தெளித்தால் ஐப்பசி, கார்த்திகையில் 80 முதல் 85 சதவீத ஈரம் எளிதில் நிற்கும். ஹியூமிடிஃபையர் தேவையில்லை. ஒரு விலை குறைந்த டிஜிட்டல் ஈரமானி மட்டும் வாங்குங்கள். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சின்ன மூடியில் இரண்டு கரண்டி கல் உப்பு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமான குழம்பாக்கி, மானியோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி 7 குறைத்துக் காட்டுகிறது, எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள். மானியைக் குறை சொல்லாமல் ஈரத்தை ஏற்றிக்கொண்டே போய், அறையே சதசதவென்றாகி பெட் அழுகும் கதை அடிக்கடி நடக்கிறது.

கவர்: பாத்திரக் கடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பேக்கிங் சாமான் கடையில் எடைக் கணக்கில் விற்பார்கள். 30×60 செ.மீ, 80 கேஜ் கவர் ஒன்று ஏறக்குறைய 6, 7 கிராம்தான் இருக்கும், கிலோவுக்கு 150 கவருக்குக் கிட்டே வரும். காளான் கவர் என்று பெயர் போட்டு இணையத்தில் விற்பதும் இதே சரக்குதான். கால் கிலோ கேளுங்கள், உங்களுக்கு ஒரு சீசனுக்குப் போதும். வைக்கோலை வெளியே அவித்து ஆறவைத்துப் போடுவதால் எல்.டி (சாதாரண மெல்லிய பாலித்தீன்) கவரே போதும். சூட்டைத் தாங்கும் பி.பி கவர், கவரோடு சேர்த்து அவிப்பவர்களுக்கு.

திரும்பப் பயன்படுத்த வாளி நல்ல வழி. ஓட்டல், இனிப்புக் கடை, ஐஸ்கிரீம் கடைகளில் தயிர், எண்ணெய், கிரீம் வந்த 10 லிட்டர் வாளிகள் மூடியோடு மலிவாகக் கிடைக்கும். பெயிண்ட் வாளி வேண்டாம், உணவுப் பொருள் வந்ததாக இருக்கட்டும். பக்கவாட்டில் 8 முதல் 10 மி.மீ துளைகள், மாற்றி மாற்றி, 10 முதல் 12 துளை. அடியில் நீர் வடிய இரண்டு சின்னத் துளை. பக்கத் துளைகளை மருந்துக்கடைக் காகித டேப்பால் மூடுங்கள், காற்று போகும், ஈ போகாது. மொட்டு வரும்போது டேப்பைப் பிரித்துவிடலாம். ஒரு குறை: வாளிக்குள் வெள்ளை ஓடுவது கண்ணுக்குத் தெரியாது. முதல் சுற்றில் ஏழு கவர், மூன்று வாளி என்று வைத்துக்கொண்டால் கவரைப் பார்த்து வாளியின் நிலையை ஊகிக்கலாம்.

நிரப்பும்போது ஃபேனை நிறுத்துங்கள், வைக்கோல் 30 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்கட்டும். அடியில் இரண்டு அங்குல வைக்கோல், அதன் ஓரத்தில் வட்டமாக 30 கிராம் வித்து, மறுபடி வைக்கோல். இப்படி ஐந்து தடவை. வித்தை நடுவில் கொட்டினால் பயன் குறைவு, ஓரத்தில் இருப்பதுதான் காற்று கிடைத்து முதலில் ஓடும், வெளியே இருந்து வரும் பூசணத்துக்கும் அரணாக நிற்கும். கவர் வாயை ரப்பர் பேண்டால் கட்டி, நடுவில் எதிரெதிராக இரண்டு 1 செ.மீ துளை போட்டுப் பஞ்சால் அடையுங்கள்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். காளான் ஈ அதன் கண்ணில் நுழைந்துவிடும். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலை, பசுமைக்குடில் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஜன்னலுக்கும் கதவுச் சட்டத்துக்கும் சில மீட்டர் போதும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் உள்ளே வந்த ஈயும் ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்து எதுவும் அறைக்குள் அடிக்காதீர்கள்.


கோவை_வித்து எழுதியது:

வித்தைப் பெருக்குவது பற்றி. முடியும், ஆனால் எதிலிருந்து பெருக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் 300 கிராம் பாக்கெட்டில் வாங்குவது படுக்கை வித்து, அதாவது நேராக பெட்டில் போடுவதற்கானது. அதை மறுபடி தானியத்தில் போட்டுப் பெருக்கக் கூடாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் வீரியம் குறையும், கண்ணுக்குத் தெரியாத கிருமியும் சேர்ந்தே பெருகும். பெருக்குவதற்கென்று தனியாகத் தாய் வித்து இருக்கிறது. ஒரு தாய் வித்துப் புட்டியில் இருந்து 25 முதல் 30 படுக்கை வித்துப் பாக்கெட் செய்யலாம்.

முறை: 1 கிலோ சோளத்தைக் கழுவி, அரை வேக்காடாக வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தோல் வெடித்து மாவு வெளிவரக் கூடாது. வெடித்தால் தானியம் ஒட்டிக் கட்டியாகி உள்ளே புளிக்கும். வடித்து நிழலில் துணியில் பரப்பி மேல்ஈரம் போனதும், கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து பி.பி கவரில் 300 கிராமாக நிரப்பி, வாயில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிப் பஞ்சால் அடைத்து, மேலே காகிதம் சுற்றிக் கட்டுங்கள். இதற்கு வெறும் ஆவி போதாது. பிரஷர் குக்கரில் வெயிட் எழும்பும் அழுத்தத்தில், சிறுதீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தண்ணீர் வற்றிவிடாத அளவு முன்பே ஊற்றியிருக்க வேண்டும். பாக்கெட் தண்ணீரில் படாமல் தட்டின்மேல் இருக்கட்டும். முழுவதும் ஆறிய பிறகு, காற்றில்லாத மூலையில் ஸ்பிரிட் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வைத்து, பாக்கெட்டுக்கு ஒரு பெரிய கரண்டி தாய் வித்து. 15 நாளில் வெள்ளையாகிவிடும்.

என் கருத்து: 10 பெட்டுக்கு இது வேண்டாம். உங்களுக்குத் தேவை 5 பாக்கெட். வீட்டுக் குக்கரில் ஒரு ஈட்டுக்கு நாலைந்து பாக்கெட்தான் கொள்ளும், கெட்டுப்போனால் ஒரு மாதம் பின்னுக்குப் போகும். மாதம் 50 பெட்டைத் தாண்டும்போது யோசியுங்கள். காளான் காம்பு அடியை வெட்டி நனைத்த அட்டையில் வளர்க்கும் வழியும் காணொளிகளில் வலம் வருகிறது. அது பார்த்துக் கற்றுக்கொள்ள நல்லது, விளைச்சலுக்கு நம்ப வேண்டாம்.

வாங்கிய வித்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பாக்கெட்டை வெளியில் இருந்து கசக்கி மணிகளை உதிரியாக்குங்கள். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்த மணிகள்மேல் மறுபடி வெள்ளைப் பஞ்சு படர்ந்தால் உயிர்ப்புள்ள வித்து. படராமல் மஞ்சள் நீர் அடியில் தேங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ பயன்படுத்தாதீர்கள். கோவையில் இருந்து பேருந்தில் கொண்டுவருவதானால் தெர்மாகோல் பெட்டியில், இரவுப் பயணத்தில் கொண்டுவாருங்கள். வெயிலில் நிற்கும் பேருந்தின் மேல்தட்டில் இரண்டு மணி நேரம் இருந்தாலே பாதிப்பு. பி.எஃப் வித்தைச் சில நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். பால் காளான், இளஞ்சிவப்புச் சிப்பி வித்துகளை அங்கே வைக்கவே கூடாது, குளிர் அவற்றுக்கு ஆகாது.


பூசணவலை மீண்டும் எழுதியது:

கெட்டுப்போகும் பெட்டைப் பார்த்தே காரணம் கண்டுபிடிக்கலாம், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முதல் ஐந்து நாளில் பெட் முழுக்க அங்கங்கே பச்சை பிடித்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை. வித்து மணியைச் சுற்றி மட்டும் பச்சை என்றால் வித்திலேயே பூசணம். இரண்டாவது வாரத்தில் துளைப் பக்கம் மட்டும் வந்தால் ஈயோ, பஞ்சு நனைந்ததோ காரணம். அடியில் மஞ்சள் நீரும் புளித்த வாடையுமானால் ஈரம் அதிகம், அடியில் ஊசியால் இரண்டு துளை குத்தி வடித்துவிட்டால் சில சமயம் பிழைக்கும். மெல்லிய காம்போடு முளைத்து ஒரே நாளில் கறுப்பு மையாக உருகும் காளான் வந்தால் அது களைக் காளான், உருகும் முன் பிடுங்கிப் போடுங்கள், சமைக்காதீர்கள். பச்சை பிடித்த பெட்டை அறைக்குள் பிரிக்கக் கூடாது. கவரோடு கீழே கொண்டுபோய் மண்ணில் புதைத்த பிறகுதான் மற்ற வேலை. வாளியானால் அதைச் சோப்பு, ப்ளீச்சிங் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் மறுபடி ஆகும்.

மொட்டு வந்தபின் காம்பு நீண்டு குடை சின்னதாக இருந்தால் காற்றோட்டம் போதவில்லை, காலையும் மாலையும் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்துவையுங்கள். வெளிச்சம் செய்தித்தாள் படிக்கும் அளவு போதும். மொட்டு பழுப்பாகிக் காய்ந்தால் ஈரம் குறைவு. குடைமேல் நேராகத் தண்ணீர் அடித்தால் மஞ்சள் படிந்து வழவழப்பாகும், மணலுக்கும் சாக்குக்கும் மட்டும் தெளியுங்கள். குடை விளிம்பு மேல்நோக்கி வளையும் முன் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளைப் பொடி அறை முழுக்கப் பறக்கும், இருமல் வரும். பறிக்கப் போகும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அந்த நேரம் உள்ளே விடாதீர்கள்.


மாடியறை_மதுரை:

தெளிவாகிவிட்டது. 5 பாக்கெட் பி.எஃப், கால் கிலோ எல்.டி கவர், ஒரு உருளை தை வைக்கோல், வலை 4 மீட்டர், ஈரமானி ஒன்று, தயிர் வாளி மூன்று. பங்குனிக்கு மேல் என்ன செய்வது? நிறுத்திவிட வேண்டியதுதானா?


வைகைக்கரை:

நிறுத்த வேண்டாம், பால் காளானுக்கு மாறுங்கள். ஏ.பி.கே 2 ரகம் உங்கள் பக்கத்து அருப்புக்கோட்டையில் வந்ததுதான், 30 முதல் 35 டிகிரி அதற்கு ஒத்துக்கொள்ளும். வைக்கோல், ஆவி, கவர், வித்தை அடுக்கும் விதம் எல்லாம் இதேதான். கூடுதலாக ஒன்று: வெள்ளை ஓடி முடிந்ததும் பெட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே ஒன்று முதல் இரண்டு செ.மீ உயரத்துக்கு மேற்பூச்சு மண் போட வேண்டும். தோட்ட மண்ணில் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, ஒரு மணி நேரம் ஆவியில் அவித்து ஆறவைத்தது. பத்து நாள் ஒட்டி மொட்டு வரும். சிப்பிக்கு முதல் பறிப்பு 20, 25 நாள் என்றால் இதற்கு 35 நாளுக்கு மேல் ஆகும், பொறுத்திருங்கள். 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் இதுவும் தவிக்கும். அப்போது கூரைமேலும் சாக்கு விரித்து நனைக்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் நீளமான சமையல் தெர்மாமீட்டரை விட்டுவிட்டீர்கள். ஈரமானிக்கு முன்னால் அதை வாங்குங்கள்.